கரிசலில் வெள்ளைத் தடம்

கறுப்புப் புகை கக்கும் காரைக் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம், மூக்கு போதும் என்று வைரக்கண்ணு காலையில் திருச்சியை விட்டுப் புறப்படும்போது சொல்லியிருந்தான். உச்சி வெயிலில் பாடாலூர் வந்து சேர்ந்தபோது மூக்கும் ஓய்ந்துவிட்டது. வழியிலிருந்த டீக்கடை, பஞ்சர் கடை, டீசல் பங்க் ஒன்று விடாமல் விசாரித்தாகிவிட்டது. அப்படி ஒரு காரை யாருமே பார்க்கவில்லை.

"நாம வந்த ஜீப்பைத்தான் எல்லாரும் கையக் காட்டுறாங்கக்கா" என்றான். "புகை விடற வண்டியான்னு கேட்டா, இதோ நிக்குதேங்கறான்."

சிந்தாமணி சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள். அந்த வேலையை உதறிவிட்டு உறையூரில் துப்பறியும் ஆபீஸ் திறந்திருந்தாள். லாரி கிளீனராக இருந்து டிரைவரான வைரக்கண்ணு அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், வாய் ஓயாத வானொலி எல்லாம்.

அன்று காலை அவர்களைத் தேடி வந்தவர் சோலைமலை மோட்டார்ஸ் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் வேணுகோபால். எண்பத்தொன்பதாம் வருஷத்து மாசி மாதம் அது. டீசல் வண்டி இவ்வளவு புகைக்கு மேல் விடக்கூடாது என்று தில்லியில் புதுச் சட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. நாட்டிலுள்ள வண்டிக் கம்பெனிகளெல்லாம் தில்லிக்கு மனு மேல் மனு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். கம்பெனிகளின் கஷ்டத்தைக் கேட்க ஒரு குழு மறுநாள் திருச்சி சர்க்யூட் ஹவுஸில் கூடுகிறது. இந்தச் சமயத்தில் கம்பெனியின் சோதனைக் கார் ஒன்று காணாமல் போய்விட்டது என்றார் வேணுகோபால்.

"போட்டிக் கம்பெனிக்காரன் வேலைங்க. அது ரயில் என்ஜின் கணக்கா கரும்புகை விடும். அதைக் கொண்டுபோயி குழு முன்னாடி நிறுத்திட்டா எங்க மானம் போயிரும். போலீஸுக்குப் போனா பேப்பர்ல வந்துரும். நீங்கதான் தேடிக் குடுக்கணும். அடையாளம் அந்தப் புகைதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பாடாலூருக்கு அப்பால் சாலையோரக் களத்தில் பருத்தி எடுத்துக் காயப்போட்டிருந்தது. ஜீப்பை அதன் பக்கத்தில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே வைரக்கண்ணு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினான். எங்கிருந்தோ ஒரு அம்மாள் முறத்தோடு ஓடி வந்தாள்.

"அமத்துய்யா வண்டிய. பஞ்சு கருத்துப் போனா ஆலைக்காரன் தொடுவானா? ஒங்க வூட்டு வேட்டிய நான் வந்து கரியில தோய்க்கட்டுமா?"

வைரக்கண்ணு அவசரமாக அணைத்தான். "மன்னிச்சுக்கம்மா. வண்டிக்கு வயசாயிருச்சு. இருமுது."

அவள் பெயர் கலியம்மாள். களமும் அதை ஒட்டிய கரிசல் காடும் அவளுடையவை. சோதனை வண்டிகள் என்றதும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"சிவப்பு போர்டு மாட்டிக்கிட்டு வருவானுவளே, அந்த வண்டிங்களா? நாசமாப் போக. ஒவ்வொரு தடவையும் இங்க வந்துதான் நிறுத்தி உறுமுவானுவ. மேலாக் கெடக்குற பஞ்செல்லாம் கரி. எத்தனை சண்டை போட்டிருப்பேன் தெரியுமா? நேத்து வந்த பொண்ணு ஒருத்திதான் மனுசி."

சிந்தாமணி ஜீப்பை விட்டு இறங்கினாள். "எந்தப் பொண்ணுங்க?"

"அதே மாதிரி கார்தான். ஓட்டிக்கிட்டு வந்தது ஒரு பொண்ணு. சிவப்பு போர்டு இல்ல. பின்னாடி பாரம் ஏத்தி வண்டி தாழ்ந்து கெடக்குது. நேரா வந்து பஞ்சுக்குப் பக்கத்துல நிறுத்தி உறும விட்டுச்சு. நான் முறத்தத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். அது என்ன பண்ணுச்சு தெரியுமா? ஒரு கை பஞ்ச எடுத்து அந்தப் புகைக் குழாய் வாயில வெச்சுப் புடிச்சுது. அப்பறம் எங்கிட்ட நீட்டி, பாருங்க அத்தைன்னுச்சு."

"கருத்திருந்துதா?"

"எடுத்த பஞ்சு எடுத்த மாதிரியே இருந்துச்சு. நான் அதை மறுபடி குவியல்லயே போட்டுட்டேன்."

வைரக்கண்ணு தலையைச் சொறிந்தான். "அப்ப இது வேற வண்டிக்கா. நம்ம வண்டிதான் ரயில் என்ஜினாச்சே."

சிந்தாமணி களத்தின் ஓரமாகப் போய் நின்றாள். கார் திரும்பிய இடத்தில் கரிசல் மண்ணின் மேல் டயர் தடம் இரண்டு வரியாகப் பதிந்திருந்தது. கறுப்பு மண்ணில் வெள்ளைத் தடம். டயரில் ஒட்டி வந்த தூள் பனியில் நனைந்து இறுகிப் போயிருந்தது.

"என்னது இது வைரம்?"

"அரியலூர்க் கல்லு தூளா இருக்கும். அந்தப் பக்கம் போனா காக்கா கூட வெள்ளையாத்தான் இருக்கும். அங்க அம்பது கல்லுக் குவாரி. எதுன்னு தேடறது?"

"வெத்தலைல சுண்ணாம்பு தடவிட்டியா?"

"இன்னும் இல்ல."

"இதைத் தடவு."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். சம்பளத்தில் விஷப் பரீட்சையும் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே தடத்திலிருந்து துளி எடுத்து வெற்றிலையில் தடவி, பாக்கோடு மென்றான். கொஞ்ச நேரத்தில் ஓரமாகப் போய்த் துப்பினான். கரிசலில் செக்கச்செவேலென்று விழுந்தது.

"செவந்துருச்சு" என்றான் ஆச்சரியத்தோடு.

"வெறும் கல்லுத் தூளுன்னா செவக்குமா?"

"எங்க செவக்கும்? பல்லுல மணல் நறநறங்கும். இது வெந்த சுண்ணாம்பு." அவன் கண்கள் விரிந்தன. "குவாரி இல்லக்கா. கல்லைச் சுடற காளவாய்."

பெரம்பலூர் தபாலாபீஸிலிருந்து சிந்தாமணி வேணுகோபாலுக்கு டிரங்க்கால் போட்டாள். வண்டி அரியலூர்ப் பக்கம் இருப்பதாகத் தெரிகிறது, ஒரு சுண்ணாம்புக் காளவாயில் இருக்கலாம் என்று சொன்னாள். போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"என்னக்கா, ஆளு சந்தோஷப்படலியா?"

"வண்டிய யாரு எடுத்தான்னு கேக்கல. எந்தக் காளவாய்னு கேக்கல. முதல்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, வண்டி இன்னும் ஓடுதான்னு."

"ஓடுதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். சந்தோஷப்படாம, அப்படியான்னாரு. சாவு சேதி கேட்ட மாதிரி."

வைரக்கண்ணு ஜீப்பை அரியலூர்ப் பக்கம் திருப்பினான்.

அரியலூரில் காளவாய்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே, "ஏங்க, சுண்ணாம்பு மூட்டைய பிளஷர் கார்ல ஏத்திக்கிட்டுப் போற காளவாய் எதுங்க?" என்று வைரக்கண்ணு கேட்டான். கடையே சிரித்தது. நாலு பேர் ஒரே சமயத்தில் வழி சொன்னார்கள். ஜெயங்கொண்டம் சாலையில் கொளஞ்சி காளவாய். ரெண்டு நாளாக அந்தக் காரில்தான் சுண்ணாம்பு போகிறதாம். வாடகைக்கு லாரி கிடைக்காமல் போய்விட்டதோ என்று ஊரே கேலி பேசுகிறதாம்.

காளவாயில் சூளை வெந்துகொண்டிருந்தது. ஓலைக் கொட்டகைக்குள் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. அதன் பானட்டைத் திறந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஸ்பானருடன் ஒரு பெண் குனிந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் ஓடவும் இல்லை, பதறவும் இல்லை.

"கம்பெனியிலேர்ந்து வரீங்களா?"

"கம்பெனி அனுப்பிச்சு வரோம்" என்றாள் சிந்தாமணி. "நான் துப்பறியறவ. பேரு சிந்தாமணி. நீ?"

"மலர்க்கொடி. சோதனைப் பிரிவு என்ஜினீயர். திருடுன வண்டிய என்னோட பேரோட சேத்துத்தான் சொல்லியிருப்பாங்களே?"

"போட்டிக் கம்பெனிக்காரன்னாரு உங்க மேனேஜர்."

மலர்க்கொடி ஸ்பானரைக் கீழே வைத்தாள். அவள் சிரித்த சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "என் பேரைச் சொன்னா, ஏன் எடுத்தேன்னு நீங்க கேப்பீங்கல்ல. அதான்."

காளவாய்க்குச் சொந்தக்காரர் கொளஞ்சி சூளைப் பக்கத்திலிருந்து வேகமாக வந்தார். மலர்க்கொடிக்கு அம்மாவோடு பிறந்த மாமன். "என்னம்மா, யாரு?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"புகை எங்கம்மா?" சிந்தாமணி நேராகக் கேட்டாள்.

"இந்த வண்டில புகை கிடையாது மேடம். அதுதான் இது செஞ்ச குத்தம்."

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள வைரக்கண்ணுவுக்கு லாரி கிளீனர் படிப்பே போதுமானதாக இருந்தது. டீசலைக் குறைத்துவிட்டால் புகை குறையும். ஆனால் வண்டி இழுக்காது. இழுக்காத வண்டியை இந்த ஊரில் எவன் வாங்குவான்? அதனால் நம் ரோட்டுக்கும் நம் வெயிலுக்கும் நம் பங்க் டீசலுக்கும் இந்தச் சட்டம் ஒத்தே வராது, ஐந்து வருஷம் தள்ளிப் போடுங்கள் என்று குழுவிடம் சொல்லக் கம்பெனி முடிவு செய்திருந்தது. மலர்க்கொடி டீசலைக் குறைக்கவில்லை. ஊற்றுகிற டீசல் முழுசாக எரிய வழி பார்த்தாள். டீசலைப் பீய்ச்சும் நாசிலின் ஓட்டைகளைச் சிறிதாக்கினாள். பிஸ்டன் தலையிலுள்ள குழியின் வடிவத்தைத் திருத்தினாள். பம்ப் எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதை மாற்றினாள். ரெண்டு வருஷ வேலை.

"ஓடுச்சு மேடம். ஓடுச்சுன்னு சொன்ன அன்னிக்கே, வண்டியக் கழட்டிரச் சொல்லிட்டாங்க. இரும்பு வெட்டற கேஸ் கட்டரோட ஆளு ஷெட்டுக்கு வந்துட்டான். நான் சாவியப் போட்டேன், வந்துட்டேன்."

"சுண்ணாம்பு மூட்டை?"

"காலி வண்டில புகை வரலன்னா அது பெரிய விஷயமான்னு கேப்பாங்க. அதான் பாரம் ஏத்தி ஓட்டிக்கிட்டிருக்கேன். இந்த ரோட்டுல, இந்த வெயில்ல, பாடாலூர் பங்க் டீசல்ல."

"ஒரு தடவை எடு, பாப்போம்."

அவள் காரை எடுத்தாள். மூட்டைகளின் கனத்தில் பின்பக்கம் அமுங்கிக் கிடந்தது. சூளை மேட்டின் சரிவில் ஏற்றி, முக்கால்வாசியில் நிறுத்தி, மறுபடி அங்கிருந்தே இழுத்தாள். எந்த வண்டியும் கரியைக் கக்கும் இடம் அது. வைரக்கண்ணு குழாய்க்குப் பின்னால் போய்க் குந்தி, தன் வெள்ளைச் சட்டைக் கையைக் காட்டினான். வெப்பக் காற்றுதான் அடித்தது. சட்டை சட்டையாகவே இருந்தது.

"அக்கா" என்றான் எழுந்து, "புகை விடாத வண்டின்னு சொன்னா ஏன் ஒளிக்கறீங்கன்னு கேப்போம்னுதான் அந்தாளு புகையச் சொல்லியிருக்காரு. நம்மள தேடச் சொன்னது திருட்டு வண்டிய இல்ல. சாட்சிய."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, காளவாய் வாசலில் அம்பாசடர் கார் ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் இழுவை லாரி. வேணுகோபால் இறங்கி வந்தார். பெரம்பலூரிலிருந்து தகவல் போனதும் கிளம்பியிருக்க வேண்டும். நாம் டீக்கடையில் கேட்டதைத்தான் அவரும் கேட்டிருப்பார் என்று வைரக்கண்ணு நினைத்தான். இழுவை லாரியின் மேல் கேஸ் சிலிண்டரும் சுருட்டிய ரப்பர் குழாயும் கிடந்தன. சிந்தாமணியின் முழங்கையைத் தொட்டு, கண்ணால் அதைக் காட்டினான். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

"நல்ல வேலை செஞ்சீங்க மேடம்" என்றார் வேணுகோபால். "இனிமே நாங்க பாத்துக்கறோம். மலர்க்கொடி, சாவிய குடு."

"தர மாட்டேன் சார்."

"உன்னை மாதிரி இடத்துலேர்ந்து வந்த பொண்ணுக்கு நாற்காலி போட்டுக் குடுத்தோம். அதுக்கு இதுதான் மரியாதையா?"

கொளஞ்சி ஒரு அடி முன்னால் வைத்தார். மலர்க்கொடி கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"எங்கம்மா முந்திரிக் கொல்லையில கூலிக்குப் போயி என்னைப் படிக்க வெச்சாங்க சார். நாற்காலி யாரும் போட்டுக் குடுக்கல. பரீட்சை எழுதி வந்தேன். அதைப் பத்தி இன்னொரு நாள் பேசுவோம். இன்னிக்கு இந்த வண்டியப் பத்திப் பேசுங்க."

வேணுகோபால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். குரல் தணிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை என்று வைரக்கண்ணுவுக்கே பட்டது.

"நீ ஒரு வண்டிய ஓட்டிட்ட. நான் மாசா மாசம் ஆயிரம் வண்டிய வெளியில அனுப்பணும். அந்த நாசில் இந்த ஊருல கிடைக்குமா? பிஸ்டன் வார்க்கற அச்செல்லாம் மாத்தணும். அதுவரைக்கும் ஆலை ஓடலன்னா ஆளுங்க எங்க போவாங்க? இந்த ஒரு வண்டியப் பாத்துட்டு, உங்களாலதான் முடியுதே, சட்டம் ஜூலைல வருதுன்னுட்டா கம்பெனி தாங்குமா?"

"தாங்காதுன்னா, அதைச் சொல்லுங்க சார். செலவாகும், நாளாகும், இன்னது வேணும்னு கேளுங்க. நானும் கூட வந்து சொல்றேன். ஆனா முடியவே முடியாதுன்னு சொல்லாதீங்க. முடிஞ்சத வெட்டிப் போட்டுட்டு முடியாதுன்னு சொல்லாதீங்க."

வேணுகோபால் லாரிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் கொக்கியோடு இறங்கினான்.

சிந்தாமணி காருக்கும் கொக்கிக்கும் நடுவில் வந்து நின்றாள். "கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டீங்க. கண்டுபிடிச்சாச்சு. ஆனா திருட்டு வண்டிய போலீஸுக்குத் தெரியாம கைமாத்தி விட்டா நாளைக்கு என் ஆபீஸ இழுத்து மூடிருவாங்க. ஸ்டேஷன் பக்கத்துலதான இருக்கு, போவோம்."

"ஸ்டேஷன்லாம் எதுக்கு மேடம்?"

"அப்ப திருட்டு இல்லியா? திருட்டு இல்லன்னா இந்தப் பொண்ணு டூட்டில இருக்கா. சோதனை ஓட்டத்த முடிச்சுக்கிட்டு நேரா திருச்சிக்கு ஓட்டிட்டுப் போகட்டும். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார். ரெண்டையும் சொல்லாதீங்க."

சூளையில் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மண்வெட்டியோடு வந்து கொட்டகையைச் சுற்றி நின்றிருந்தார்கள். லாரிக்காரன் கொக்கியைத் தன் காலடியிலேயே வைத்துவிட்டான்.

வேணுகோபாலுக்குக் கோபம் தலைக்கேறியது. "திருட்டுத்தான். வாங்க, எழுதித் தரேன். இவ கம்பி எண்ணட்டும். வண்டிய எழுதி வாங்கிட்டுப் போறேன்" என்றார்.

மலர்க்கொடியே காரை ஓட்டிக்கொண்டு வந்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் சின்னதுரை நிதானமான மனிதர். வேணுகோபால் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"சோதனை வண்டிங்க. ரெஜிஸ்டர் ஆகல. சிவப்பு போர்டு மாட்டித்தான் ஓட்டுவோம்."

"போர்டக் காணோமே. என்ஜின் நம்பர்?"

"மாதிரி என்ஜின். நம்பர் இன்னும் வெட்டல."

"அப்ப இது உங்க வண்டிதான்னு நான் எப்படிங்க முடிவு பண்றது? இதே மாதிரி வண்டி ஊர்ல எத்தனையோ ஓடுது."

"சார், எங்கிட்ட ஒரு அடையாளம் சொன்னாரு" என்றாள் சிந்தாமணி பணிவாக. "ரயில் என்ஜின் மாதிரி கரும்புகை விடும்னு. அதை வெச்சுத்தான் தேடினேன்."

"அப்படிங்களா?"

வேணுகோபால் சிந்தாமணியை முறைத்தார். "ஆமாம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து காரை உறும விடச் சொன்னார். பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். கர்சீப்பை எடுத்துக் குழாய் அருகே பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதுல புகையக் காணோங்க. நீங்க சொல்ற வண்டி வேற போலிருக்கு. இந்த அம்மா வண்டிய இந்த அம்மா எடுத்துக்கிட்டுப் போகட்டும். உங்களுது கிடைச்சா சொல்லி விடறேன்."

இவ்வளவு நேரம் பொத்தி வைத்திருந்த சிரிப்பை வைரக்கண்ணு இருமலாக்கிவிட்டான்.

"இல்ல, இது எங்க வண்டிதான்" என்றார் வேணுகோபால்.

"புகை?"

ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூடிவிட்டிருந்தது. வேணுகோபால் மலர்க்கொடியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"எங்க வண்டி புகை விடாது" என்றார். பக்கத்தில் நின்றவருக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எழுதிக்கணும்."

"இது சோலைமலை மோட்டார்ஸ் வண்டி. டீசல் வண்டி. இது புகை விடாது."

இன்ஸ்பெக்டர் அதை வரி பிசகாமல் எழுதிக் கையெழுத்து வாங்கினார். வண்டி வழக்குச் சொத்து, கோர்ட்டு சொல்கிறவரை யாரும் ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது என்றார். வேணுகோபால் பின்னால் வந்த இழுவை லாரியைத் திரும்பித் தேடினார். லாரி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கொளஞ்சி ஜாமீன் நின்று மருமகளை வீட்டுக்கு அழைத்துப் போக ஏற்பாடானது.

சிந்தாமணி ஸ்டேஷன் போனைக் கேட்டு வாங்கி, திருச்சி சர்க்யூட் ஹவுஸில் தங்கியிருந்த குழுத் தலைவரைப் பிடித்தாள். "வண்டிய அங்க கொண்டு வர முடியாதுங்க, கேஸ்ல இருக்கு. பாக்கணும்னா நீங்கதான் அரியலூருக்கு வரணும்" என்று சொல்லி வைத்தாள்.

"அக்கா, நமக்குக் கட்சிக்காரர் யாரு இப்ப?" என்று கேட்டான் வைரக்கண்ணு. "அவருதான கூப்பிட்டாரு."

"அவரு வண்டியத் தேடிக் குடுத்தாச்சு, அந்தக் கணக்கு முடிஞ்சுது. இனிமே அந்தப் பொண்ணுதான். கேஸ ஒடைக்கணும்."

மறுநாள் காலை குழுவினர் மூன்று பேரும் அரியலூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். தில்லியிலிருந்து கொண்டுவந்த புகைமானியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் பின்னால் வந்தான். வேணுகோபாலும் வந்திருந்தார், வராமல் இருக்க முடியாது. ராத்திரி அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோர்ட்டுக்கு எடுத்துப்போக வசதியாகச் சுண்ணாம்பு மூட்டைகளை முதல் நாளே போலீஸார் இறக்கி, வேப்ப மரத்தடியில் அடுக்கியிருந்தார்கள்.

குழுத் தலைவர் காரைச் சுற்றி வந்தார். குழாய் வாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டவில்லை.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"நான்தான் சார்."

"நீதான் திருட்டுக் கேஸ்ல இருக்கிற பொண்ணா?"

"ஆமாங்க சார்."

"சரி, ஸ்டார்ட் பண்ணு, பாப்போம்."

இன்ஸ்பெக்டர் சாவியை நீட்டினார். மலர்க்கொடி வாங்கிக்கொண்டாள். ஆனால் கதவைத் திறக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள். "முதல்ல மூட்டைங்கள ஏத்தச் சொல்லுங்க."